எலும்புக்குப் பரவிருச்சோன்னு பயமா இருக்கா? ஸ்கேனுக்குப் போக முந்தி மலையகத்து ஆளுங்க தெரிஞ்சி வச்சிக்க வேண்டியது

வீட்டுல ஒருத்தருக்கு கேன்சருக்கு ட்ரீட்மெண்ட் நடந்துகிட்டு இருக்கு, இல்லாட்டி நடந்து முடிஞ்சிருக்கு, இப்ப இடுப்பு வலிக்குது, முதுகு வலிக்குது, எலும்புக்கு போயிருச்சோன்னு ராத்திரி தூக்கம் வராம கெடக்குறாங்க, அப்படியான ஆளுங்களுக்காகத்தான் இத எழுதுறேன். எங்க அம்மாவுக்கு மார்புல கேன்சர் வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சி இப்ப மாத்திரையில இருக்காங்க. தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க, அதனால முதுகு வலி அவங்களுக்கு புதுசு இல்ல, ஆனா கேன்சருக்குப் பொறகு வார ஒவ்வொரு வலியும் வேற மாதிரி பயத்த குடுக்குது. கிளினிக்ல பக்கத்துல ஒக்காந்து இருக்குற எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், "ஒரு ஸ்கேன் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிருமா?" நெறைய தெரியும், ஆனா எந்த ஸ்கேன், எதுக்கு எடுக்குறோம், எந்த வலிக்கு எடுக்குறோம்ங்கிறத பொறுத்துதான் தெரியும். அதனால ஸ்கேனுக்கு முந்தி செய்ய வேண்டிய வேலைல இருந்து தொடங்குறேன்.

மொதல்ல ஒரு கொப்பி எடுங்க, வலிய எழுதுங்க

கிளினிக்ல டொக்டர் முன்னுக்கு ஒக்கார கெடைக்குறது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்துல "ஒடம்பெல்லாம் வலிக்குது டொக்டர்"னு சொன்னா அவருக்கு ஒன்னும் புடிபடாது. வலி எங்க இருக்குன்னு வெரல வச்சி காட்டுற மாதிரி பாத்து வைங்க. எப்ப தொடங்கிச்சு, நாளுக்கு நாள் கூடுதா, வந்து வந்து போகுதா, படுத்தா கொறையுதா இல்ல படுக்குற நேரத்துலதான் கூடுதா, ராத்திரி தூக்கத்துல இருந்து எழுப்புதா, இருமினா தும்மினா சுளீர்னு இழுக்குதா, இதெல்லாம் எழுதி வைங்க. கொழுந்துக் கூடைய தூக்கி, மலையேறி எறங்கி வந்த சாதாரண முதுகு வலி பொதுவா ஓய்வெடுத்தா கொறையும், சில வாரத்துல தணியும். எலும்புக்கு பரவின வலி அதிகமா விடாம இருக்கும், வாரத்துக்கு வாரம் கூடும், ராத்திரில மோசமாகும், படுத்தாலும் விடாது. இது எல்லாருக்கும் அச்சு மாதிரி பொருந்தாது, ஆனா டொக்டர் கேக்குற முதல் கேள்விங்க இதுதான்.

குடிக்கிற மருந்தையும் அதே கொப்பில எழுதுங்க. மார்புக் கேன்சருக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல்னு குடுக்குற மாத்திரை நெறைய பேருக்கு மூட்டு வலி, கை வெரல் மடக்க ஏலாம காலைல விறைப்பு, முழங்கால் வலின்னு குடுக்கும். எங்க அம்மாவுக்கு இருக்குறது இதுதான், இதத்தான் நாங்க மாசக்கணக்கா பரவிருச்சோன்னு நெனச்சி பயந்துகிட்டு இருந்தோம். பேக்ளிடாக்சல் கீமோ ஏத்துனா ரெண்டு மூனு நாள்ல ஒடம்பு எலும்பெல்லாம் முறிச்சி போட்ட மாதிரி வலிக்கும், ரத்தத்துல வெள்ளணு கூடுறதுக்காக போடுற ஊசிக்கும் எலும்பு வலிக்கும். இது மருந்தோட வேல, ஆனா மருந்துதான் காரணம்னு நீங்களா முடிவெடுக்காதீங்க, டொக்டர்கிட்ட சொல்லி அவரு சொல்லட்டும்.

இன்னொன்னு. வலிக்குதுன்னு எண்ணெய் போட்டு இறுக்கி நீவுறது, சின்னப் புள்ளைய முதுகுல ஏத்தி மிதிக்க விடுறது எல்லாம் நம்ம பக்கம் சாதாரணம். கேன்சர் வந்தவங்களுக்கு, என்ன வலின்னு தெரியுற வரைக்கும் இத செய்யவே செய்யாதீங்க. எலும்பு உள்ளுக்குள்ள அரிச்சிருந்தா அந்த அழுத்தத்துலயே முறியும்.

ஸ்கேன் தேதிக்கு காத்துகிட்டு இருக்கக் கூடாத அறிகுறிங்க

இத தயவு செஞ்சி வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைங்க. முதுகு வலியோட சேத்து காலு பலமில்லாம போறது, நடக்குறப்ப மடங்குறது, காலு மரத்துப் போறது, ரெண்டு தொடைக்கு நடுவுல, ஒக்கார்ற எடத்துல உணர்ச்சி இல்லாம போறது, மூத்திரம் வராம அடைக்கிறது இல்ல தெரியாமலே போறது, வெளிக்கி போறத அடக்க ஏலாம போறது. இதுல ஒன்னு வந்தாலும் முதுகுத் தண்டு நரம்பு அமுங்குதோன்னுதான் மொதல்ல நெனைக்கணும். இது மணிக்கணக்குல பாக்க வேண்டிய விசயம். அடுத்த கிளினிக் தேதி வரட்டும், விடியட்டும், பஸ் வரட்டும்னு இருக்கக் கூடாது. 1990க்கு கோல் பண்ணுங்க, சுவ செரிய ஆம்புலன்ஸ் காசில்லாம வரும். நீங்க இருக்குற லயத்துக்கு கிட்ட வாகனம் வர ஏலாதுன்னா, ஆள படுக்க வச்ச மாதிரியே, முதுகு வளையாம, பலகைலயோ கட்டில்லயோ ரோட்டுக்கு கொண்டு போங்க. ஆஸ்பத்திரில எறங்கின ஒடனே சொல்ல வேண்டிய வார்த்த "இவங்க கேன்சர் பேஷண்ட், காலு வேல செய்யல". இந்த ரெண்டும் சேந்து காதுல விழணும், விழுந்தாத்தான் இது வெறும் முதுகு வலி இல்லன்னு அவங்களுக்கு விளங்கும், முழு முதுகுக்கும் எம்ஆர்ஐ அவசரமா ஏற்பாடு பண்ணுவாங்க. ட்ரீட்மெண்ட் தொடங்குற நேரத்துல நடந்துகிட்டு இருக்குறவங்கதான் பொறகும் நடக்குறதுக்கு சந்தர்ப்பம் கூட, அதனாலதான் இவ்வளவு அவசரம்.

தொடையிலயோ இடுப்புலயோ திடீர்னு கடும் வலி வந்து கால ஊன ஏலாம போனாலும் அப்படித்தான், நடக்க வைக்காதீங்க, அன்னைக்கே எக்ஸ்ரே எடுக்கணும். அதே மாதிரி தாகம் அடங்காம தண்ணி குடிச்சிகிட்டே இருக்குறது, அடிக்கடி மூத்திரம் போறது, வெளிக்கி இறுகிப் போறது, வாந்தி, பேச்சு தடுமாறுறது, தூங்கி தூங்கி விழுறது இதெல்லாம் சேந்து வந்தா ரத்தத்துல கல்சியம் கூடியிருக்கலாம், அதுக்கும் ஒடனே போகணும்.

எந்த ஸ்கேன் எத பாக்கும்

எக்ஸ்ரே கிட்ட இருக்குற ஆஸ்பத்திரிலயே எடுக்கலாம், எலும்பு முறிஞ்சிருந்தா முறியப் போகுதுன்னா நல்லா காட்டும். ஆனா எலும்புல உள்ள சத்து அந்த எடத்துல 30ல இருந்து 50 வீதம் வரைக்கும் கரைஞ்ச பொறகுதான் எக்ஸ்ரேல தெரியும். அதனால "எக்ஸ்ரே நோர்மல்"னு சொன்னத கேட்டு, வலி கூடிகிட்டே இருக்குறவங்க நிம்மதியா இருந்துறக் கூடாது, திரும்பப் போய் சொல்லணும்.

எலும்பு ஸ்கேன், ஆஸ்பத்திரில போன் ஸ்கேன்னு சொல்லுவாங்க, இதுதான் நெறைய பேருக்கு எழுதுறது. டெக்னீசியம் 99எம்னு ஒரு கதிர் மருந்த கைல நரம்புல ஊசியா போடுவாங்க, அது எலும்பு எங்கெங்க புதுசா கட்டுப்படுதோ அங்க போய் கூடுதலா ஒட்டும், பொறகு ஒரு கேமரா தலைல இருந்து கால் வரைக்கும் படம் எடுக்கும். முழு ஒடம்பையும் ஒரே தடவைல பாக்குறது இதோட பெரிய பலம், மார்பு, ப்ரொஸ்டேட் கேன்சர் பரவினத எக்ஸ்ரேல தெரியுறதுக்கு மாசக்கணக்குக்கு முந்தியே காட்டிரும். ஆனா இந்த ஸ்கேன் கேன்சர நேரா பாக்குறது இல்ல, எலும்பு அதுக்கு என்ன செய்யுதுங்கிறதத்தான் பாக்குது. லயத்துல எங்க மேசன் வேல நடக்குதுன்னு எதிர் மலைல நின்னு பாக்குற மாதிரி, வேல நடக்குறது தெரியும், சுவர் ஏன் இடிஞ்சிச்சுன்னு அங்க இருந்து சொல்ல ஏலாது.

இதுதான் நம்ம தோட்டத்து ஆளுங்க நல்லா விளங்கிக்க வேண்டிய எடம். இருபது முப்பது வருசம் கூடக் கயித்த தலைல மாட்டி கொழுந்து சொமந்த கழுத்தும் இடுப்பும், செங்குத்துல ஏறி எறங்கின முழங்காலும் தேஞ்சிதான் இருக்கும், அந்த தேய்மானம் ஸ்கேன்ல பளிச்சினு தெரியும். மழைல படில வழுக்கி விழுந்து விலா எலும்பு விரிசல் விட்டிருந்தா அதுவும் தெரியும், பழைய முறிவு, மூட்டு வாதம், எலும்புல கிருமி, பல்லு வேர்ல சீழ் எல்லாமே தெரியும். கறுப்பு புள்ளி கண்டதெல்லாம் கேன்சர் இல்ல. அதனாலதான் விழுந்த கதை, அடிபட்ட கதை, எத்தன வருசம் என்ன வேல செஞ்சாங்கன்னு ஸ்கேன் எடுக்குற எடத்துல கேக்காட்டியும் நீங்களா சொல்லணும்.

மறுபக்கமும் இருக்கு. எலும்ப அரிக்க மட்டும் செஞ்சி புதுசா கட்ட விடாத கேன்சருங்கள எலும்பு ஸ்கேன் தவற விடலாம். எலும்பு மஜ்ஜைல தொடங்குற மைலோமாங்கிற கேன்சர் அதுல முக்கியமானது, சிறுநீரகம், தைராய்டுல இருந்து பரவுறதுலயும் இப்படி நடக்கும். மைலோமாவுக்கு அதனால சிடி, எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன்னுதான் போவாங்க.

சிடி ஸ்கேன் எலும்போட கட்டுமானத்த நுணுக்கமா காட்டும், எலும்பு ஸ்கேன்ல சந்தேகமா இருக்குற எடத்த கிட்ட போய் பாக்க இத எடுப்பாங்க, நுரையீரல் ஈரல் எல்லாம் கூடவே பாக்கலாம். எம்ஆர்ஐ எலும்புக்கு உள்ள இருக்குற மஜ்ஜைய காட்டும், கேன்சர் மொதல்ல எறங்குறது மஜ்ஜைலதான், அதனால எலும்பு கரைய முந்தியே புடிக்கும், முதுகெலும்புக்கும் நரம்புக்கும் இத விட நல்லது இல்ல, கதிரும் கெடையாது.

பெட் ஸ்கேன் சீனி மாதிரி ஒரு மருந்து ஏத்தி எந்த எடம் அத கூடுதலா உறிஞ்சுதுன்னு பாக்குறது. மஹரகம அபேக்ஷா கேன்சர் ஆஸ்பத்திரிக்கு இந்த மெஷின வாங்கணும்னு நாட்டுல எல்லா இனத்து ஆளுங்களும் பத்து ரூவா நூறு ரூவான்னு காசு சேத்து குடுத்தாங்க, நெனச்சா இப்பவும் மனசுக்கு நல்லா இருக்கு. ஆனா எல்லாருக்கும் இது தேவ இல்ல. பெட் ஸ்கேன் எடுக்க வசதி இல்லையேன்னு அடகு வச்சி கடன் வாங்க நெனைக்கிறவங்க, மொதல்ல டொக்டர்கிட்ட கேளுங்க, எலும்பு ஸ்கேனும் சிடியும் போதும்னு அவரு சொன்னா அது உங்கள கொறைவா பாத்து சொல்றது இல்ல.

எந்த ஸ்கேனா இருந்தாலும் ஒரு எல்லை உண்டு. சில மில்லிமீட்டர் கூட இல்லாத, கண்ணுக்கே தெரியாத அளவு செல்லுங்கள எந்த மெஷினும் காட்டாது. "ஒன்னும் தெரியல"ன்னா இன்னைக்கு தெரியுற அளவுக்கு ஒன்னும் இல்லங்கிறதுதான் அர்த்தம். அதுவே நல்ல செய்திதான், சந்தோசப்படுங்க, ஆனா புதுசா வலி வந்தா "அப்ப எடுத்தமே"ன்னு விட்டுறாதீங்க.

டொக்டர் ஸ்கேன் எழுதலன்னா

"கேட்டும் எழுத மாட்டேங்கிறாங்க"ன்னு நெறைய பேர் கோவப்படுறாங்க, எனக்கும் அந்தக் கோவம் இருந்துச்சு. பொறகுதான் காரணம் விளங்கிச்சு. ஆரம்ப கட்டத்துல புடிச்ச மார்புக் கேன்சருக்கு வலியோ வேற அறிகுறியோ இல்லாட்டி எலும்பு ஸ்கேன் எடுக்க வேணாம்னுதான் உலகம் முழுக்க வழிமுறை. 1994ல வெளிவந்த ரெண்டு இத்தாலி ஆய்வுல, ஒவ்வொன்னுலயும் ஆயிரத்துக்கு மேல பெண்கள், ஒரு பக்கத்துக்கு கெரமமா எலும்பு ஸ்கேன் எல்லாம் எடுத்து, மத்த பக்கத்துக்கு டொக்டர் பாத்து மேமோகிராம் (மார்புல கட்டி இருக்கான்னு பாக்குற எக்ஸ்ரே) மட்டும் எடுத்து ஒப்பிட்டாங்க. உயிரோட இருந்த கணக்குல ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்ல. வலி இல்லாதவங்களுக்கு சும்மா எடுத்தா தேய்மானத்த பாத்து சந்தேகப்பட்டு, இன்னொரு ஸ்கேன், பொறகு ஊசி குத்தி சதை எடுக்குறதுன்னு அலைச்சல்தான் மிஞ்சும்.

ஆனா வலி இருக்குறவங்க கதை வேற. உங்க கொப்பிய காட்டி "டொக்டர், ஆறு கெழமையா ஒரே எடத்துல, ராத்திரில கூடுது, பரசிட்டமோலுக்கு கேக்கல, இதுக்கு ஸ்கேன் தேவையா?"ன்னு நேரா கேளுங்க. அல்கலைன் பொஸ்பட்டேஸ், கல்சியம்னு ரத்த டெஸ்ட்டும் எழுதுவாங்க, அது நோர்மலா இருந்தா மட்டும் பரவலன்னு சொல்ல ஏலாது, கூடி இருந்தா மட்டும் பரவிருச்சுன்னும் சொல்ல ஏலாது.

எங்க போறது, எப்படி தயாராகுறது

கண்டி, பதுளை ஆஸ்பத்திரிகள்ல கேன்சர் பிரிவு இருக்கு, பேராதனை கம்பஸ் மருத்துவ பீடத்துல கதிர் மருந்து ஸ்கேன் செய்ற பிரிவு இருக்கு, அதுக்கு மேல மஹரகம. எங்க எடுக்கணும்னு கிளினிக்ல கடிதம் குடுப்பாங்க, அது இல்லாம போனா திருப்பி அனுப்புவாங்க. ஆஸ்பத்திரி ஃபோன் நம்பர கடிதத்துலயே எழுதி வாங்கிக்கங்க, கெளம்புறதுக்கு மொத நாள் கோல் பண்ணி கேளுங்க, ஏன்னா கதிர் மருந்து வர பிந்தினா இல்ல மெஷின் ஒடைஞ்சா தேதி மாறும், ஹட்டன்ல இருந்தோ அப்புத்தளையில இருந்தோ விடியக்காலை பஸ் புடிச்சி, அன்னைக்கு பேர் (நாள் சம்பளம்) இல்லாம போய் சும்மா திரும்பி வாரது எவ்வளவு கஷ்டம்னு போனவங்களுக்குத்தான் தெரியும். சிங்களம் கதைக்கத் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிகிட்டு போங்க.

எலும்பு ஸ்கேனுக்கு பட்டினி தேவ இல்ல, சாப்புட்டு போகலாம், மாத்திரையும் குடிக்கலாம். ஊசி போட்ட பொறகு ரெண்டுல இருந்து நாலு மணித்தியாலம் காத்திருக்கணும், அந்த நேரத்துல தண்ணி நல்லா குடிங்க, தேவையான அளவு மூத்திரம் போங்க, ஸ்கேன் பலகைல ஏற முந்தியும் போயிட்டு வாங்க, ஏன்னா மூத்திரப்பை நெறஞ்சிருந்தா இடுப்பெலும்ப மறைக்கும். துணியில மூத்திரம் பட்டா மாத்துங்க, அதுவே படத்துல பொய்யான புள்ளியா விழும். ஆடாம அர மணித்தியாலத்துக்கு மேல படுக்கணும், முதுகு வலிக்கு அது பெரிய பாடு, அதனால வலி மாத்திரைய நேரம் பாத்து குடிச்சிட்டு போங்க. மெஷின் எலும்பு ஸ்கேன்ல மூடின குழாய் இல்ல, பயப்பட ஒன்னும் இல்ல. கர்ப்பமா இருந்தா, பால் குடுக்குறவங்களா இருந்தா ஊசிக்கு முந்தியே கட்டாயம் சொல்லணும். மருந்தோட கதிர் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாதியா கொறைஞ்சிகிட்டே போகும், அன்னைக்கு மட்டும் கைக்கொழந்தைய நெஞ்சோட அணைச்சி படுக்காம, கர்ப்பமா இருக்குறவங்க பக்கத்துல நெருக்கமா ஒக்காராம இருங்க, அவ்வளவுதான், தட்டு கோப்பைய பிரிச்சி வைக்க வேணாம். நம்ம லயத்துல சில எடத்துல ஸ்கேன் எடுத்துட்டு வந்தவங்கள வாரக்கணக்கா ஒதுக்கி வைக்கிறாங்க, அது தேவையே இல்லாத கொடும.

பெட் ஸ்கேனுக்கு வேற. ஸ்கேனுக்கு முந்தி ஆறு மணித்தியாலத்துக்கு தண்ணிய தவிர வேற ஒன்னும் சாப்புடக் கூடாது, தேத்தண்ணியும் கூடாது. மொத நாள் மலைக்கு போகாதீங்க, வெறகு சொமக்காதீங்க, ஏன்னா கஷ்டப்பட்டு வேல செஞ்ச தசை அந்த மருந்த உறிஞ்சிரும். குளிர்ல இருந்தா கழுத்து, தோள் பக்கம் இருக்குற ஒரு வக கொழுப்பும் உறிஞ்சும், நுவரெலியா பக்கத்துல இருந்து போறவங்க ஸ்வெட்டர், தலைக்கு தொப்பி எல்லாம் போட்டு சூடா போங்க. சீனி வருத்தம் இருந்தா எந்த மாத்திரைய எப்ப குடிக்கிறதுன்னு முன்னமே கேட்டு வைங்க. வெள்ளணு ஊசி கிட்டத்துல போட்டிருந்தா அதையும் சொல்லுங்க, அது எலும்பு முழுக்க மருந்த இழுக்க வச்சி பாக்குறவங்கள கொழப்பும்.

எம்ஆர்ஐக்கு பேஸ்மேக்கர் (இதயத் துடிப்புக்கு வைக்கிற சின்ன மெஷின்), ஒடம்புல கம்பி ப்ளேட் ஏதாவது இருந்தா சொல்லணும், தாலி கொடில இருந்து ஹேர்பின் வரைக்கும் கழட்டணும். சிடிக்கு சாயம் ஏத்துனா கிட்னி ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்ட கொண்டு போங்க, சீனி வருத்தத்துக்கு மெட்போமின் குடிக்கிறவங்க அதையும் சொல்லுங்க.

பழைய எக்ஸ்ரே, சிடி, எல்லாத்தையும் எடுத்துகிட்டு போங்க. புது புள்ளியா, ரெண்டு வருசமா அப்படியே இருக்குற புள்ளியாங்கிறதுலதான் பாதி பதில் இருக்கு. லயத்து காம்பரால ஈரம் அடிக்கும், படத்த எல்லாம் ப்ளாஸ்டிக் பேக்ல கட்டி ஒசரத்துல வைங்க.

ரிப்போர்ட் கைக்கு வந்தா

ரிப்போர்ட் இங்கிலீஷ்ல இருக்கும், படிச்ச புள்ள ஒன்னு ஃபோன்ல ஒவ்வொரு வார்த்தையா தேடிப் பாத்து வீடே அழும். அத செய்யாதீங்க. "டிஜெனரேட்டிவ் சேஞ்சஸ்"னா தேய்மானம். "அப்டேக்"னா மருந்து ஒட்டியிருக்குன்னு மட்டும்தான், கேன்சர்னு இல்ல. "ஹெமஞ்சியோமா" முதுகெலும்புல நெறைய பேருக்கு இருக்குற ரத்தக்குழாய் முடிச்சி, அதிகமா ஒன்னும் செய்யாது. "போன் ஐலண்ட்"னா எலும்புக்குள்ள இறுகின ஒரு சின்ன புள்ளி, அதுவும் அதிகமா ஒன்னும் செய்யாது. "லிட்டிக்"னா அரிச்ச எடம், "ஸ்க்லரோடிக்"னா இறுகின எடம், இந்த ரெண்டும் கேன்சராலயும் வரும் மத்ததாலயும் வரும், டொக்டர் பாத்துதான் சொல்லணும். "சஸ்பீசியஸ்"னு இருந்தா அது முடிவு இல்ல, சந்தேகம், அடுத்த டெஸ்ட் தேவைங்கிறதுதான் அதுக்கு அர்த்தம். ஒரே ஒரு புள்ளி மட்டும் சந்தேகமா இருந்தா ஊசி குத்தி சதை எடுத்து பாக்கலாம், அதுதான் உறுதியா சொல்லும்.

ஏற்கனவே எலும்புல இருக்குன்னு ட்ரீட்மெண்ட் தொடங்கினவங்களுக்கு ஒரு விசயம், மொத மூனு மாசத்துக்குள்ள எலும்பு ஸ்கேன் எடுத்தா முந்தின விட மோசமா தெரியலாம். மருந்து வேல செஞ்சி எலும்பு ஆறுறப்பவும் புது எலும்பு கட்டுப்படும், அதுவும் பளிச்சினு தெரியும். வலி கொறைஞ்சி, ரத்த டெஸ்ட் நல்லா இருந்தா அந்தப் படத்த மட்டும் வச்சி ஒடைஞ்சி போகாதீங்க, டொக்டரும் அத மட்டும் வச்சி மருந்த மாத்த மாட்டாரு.

எலும்புல இருக்குதுன்னு உறுதியா சொல்லிட்டா, கேக்க வேண்டியத எழுதி கொண்டு போங்க, அந்த நேரத்துல மூளை வேல செய்யாது. எந்தெந்த எலும்புல இருக்கு? அதுல முறியுற ஆபத்து இருக்கா, கொழுந்துக் கூடை, தண்ணி குடம், வெறகு தூக்கலாமா, படி ஏறலாமா? முதுகு நரம்புக்கு கிட்ட இருக்கா? வலி உள்ள எடத்துக்கு ரேடியேஷன் குடுக்க ஏலுமா? நெறைய பேருக்கு ஒரே ஒரு தடவ குடுக்குற ரேடியேஷன்லயே வலி நல்லா கொறையும், வாரக்கணக்கா தங்க வேண்டியதில்ல, இத தெரியாம தூரத்த நெனச்சி வேணாம்னு சொல்றவங்க இருக்காங்க. எலும்ப பலப்படுத்துற சொலெட்ரோனிக் அசிட் ஏத்துவாங்கன்னா, அதுக்கு முந்தி பல் டொக்டர்கிட்ட காட்டி புடுங்க வேண்டிய பல்ல புடுங்கிருங்க, ஏத்த தொடங்கின பொறகு பல் புடுங்கினா தாடை எலும்பு ஆறாம போற ஆபத்து இருக்கு, வெத்தல போட்டு பல்லு கெட்டுப் போனவங்க இத முக்கியமா கவனிங்க. கடைசியா, கிளினிக்க விட்டு வெளிய வர முந்தி, இன்னைக்கு ராத்திரி வலி கூடினா எந்த மாத்திரைய எத்தன குடுக்குறது, அதுக்கும் கேக்கலன்னா யாருக்கு கோல் பண்றதுன்னு கேட்டு கொப்பில எழுதி வாங்குங்க, மோர்பின்னு சொன்னாலும் பயப்படாதீங்க, டொக்டர் சொன்ன அளவுல குடிச்சா அது வலிக்கான மருந்துதான், சாகப் போறவங்களுக்கு மட்டும் குடுக்குறது இல்ல.